பாதுகாப்புக் காரணங்களுக்காக

நூலக வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவள் என்பதால் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கிறதுதான். புத்தகங்களை அடுக்குவதையும் கணினியில் பதிவதையும் ஆறு மாதத்தில் நீங்களே பழகிவிடுவீர்கள். நான் எழுதிய ஒரு மின்னஞ்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்றே வரிகள். எழுதி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒஸ்லோ நகரின் குரோருட் பள்ளத்தாக்கில் இருந்த எங்கள் கிளை நூலகத்தில் மாலை நிகழ்ச்சிகளுக்கு நான்தான் பொறுப்பு. யாரை அழைப்பது, மண்டபத்தை யாருக்குக் கொடுப்பது எல்லாம் என் கையில். ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, ஒரு பெண்கள் அமைப்பு எங்களிடம் வந்தது. அமெரிக்காவிலிருந்து சிஹாம் என்பவர் வருகிறார், தன் தாயைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வாசிப்பார், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்வார், மண்டபம் தரமுடியுமா என்று கேட்டார்கள். நான் உடனே சம்மதித்தேன்.

சிஹாம் பாலஸ்தீனத்தில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். பத்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் போனவர். ஒரு கல்லூரியில், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு இருப்பவர்களுக்காகவும், துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்காகவும், தன் பாலஸ்தீன மக்களுக்காகவும் முப்பது ஆண்டுகளாகத் தெருவில் நின்று போராடியவர். பலமுறை கைதாகியிருக்கிறார். ஒருமுறை, போரில் மகனை இழந்த ஓர் இஸ்ரேலியத் தாயுடன் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தார் என்பதற்காக அவருடைய சொந்தச் சமூகமே அவரைத் துரோகி என்றது. இரண்டு வருடம் அவருடைய ஊர்க்காரர் அவரைக் கலியாண வீடுகளுக்கும் அழைக்கவில்லை. மற்றப் பக்கத்தில் அவரைப் பயங்கரவாதிகளின் தோழி என்றார்கள். இவை எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தன. நான் வாசித்திருந்தேன்.

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போது ஒரு வீடியோ பரவத் தொடங்கியது. அரை நிமிடம்கூட இல்லை. ஏதோ ஒரு கூட்டத்தில் சிஹாம் ஒலிவாங்கியின் முன்னால் நின்று இஸ்ரேலியரைப் பற்றிச் சொல்கிறார்: "அவர்களுடைய பிள்ளைகளுக்காக என்னிடம் கண்ணீர் இல்லை. ஒரு துளிகூட இல்லை." அவ்வளவுதான்.

ஒரு மணித்தியாலத்தில் என் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. சிலர் மரியாதையாக எழுதியிருந்தார்கள். சிலர் எழுதியதை நான் இங்கே சொல்லமாட்டேன். எங்கள் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பெண்களும் எழுதியிருந்தார்கள். 'முழு உரையும் இங்கே இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்' என்று ஓர் இணைப்பும் அனுப்பியிருந்தார்கள். உரை ஐம்பது நிமிடம். பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ரூத் என்னிடம் வந்தார்.

ரூத் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, எழுபது வயது தாண்டியவர், யூதப் பெண். அவருடைய தந்தையின் குடும்பத்தில் பாதிப்பேரை இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இதே நகரத்திலிருந்து கப்பலில் வதைமுகாமுக்கு ஏற்றிக்கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. தினமும் பத்து மணிக்கு வந்து, ஜன்னலோரம் இருந்து, எல்லாப் பத்திரிகைகளையும் வாசித்துவிட்டுப் போவார். அன்றைக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"அந்த வீடியோவைப் பார்த்தேன். ராத்திரி கண்ணை மூடமுடியவில்லை" என்றார்.

"எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்றேன்.

"நான் அன்றைக்கு வருவேன். முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வைத்திருங்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்கவேண்டும்."

நான் தலையாட்டினேன்.

இனி வந்த இரண்டு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இதே இடத்தில் நிற்பீர்கள்.

மேலாளர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பிரச்சினையும் தன் மேசைவரை வரக்கூடாது என்று நினைப்பவர். "முடிவு உன்னுடையது. எதைச் செய்தாலும் நான் உன் பின்னால் நிற்கிறேன்" என்றார். என் அனுபவத்தில், அப்படிச் சொல்பவர்கள் உண்மையிலேயே பின்னால்தான் நிற்பார்கள். வெகுதூரம் பின்னால்.

பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் ஓர் இளம்பெண் பொறுமையாகக் கேட்டார். "எங்களுக்கு எந்த மிரட்டலும் தெரியவரவில்லை. விரும்பினால் அன்றைக்கு ஒருவரை வாசலில் நிறுத்துகிறோம்" என்றார். நன்றி சொல்லி வைத்தேன். அந்த இரண்டு வசனங்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வைத்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பாக இருந்த ஓர் அண்ணர் அழைத்தார். எனக்கு எப்போதும் நல்லதே செய்தவர்.

"தங்கச்சி, உமக்கேன் இந்தத் தேவையில்லாத வில்லங்கம்?" என்றார்.

"அண்ணை, அது நூலக நிகழ்ச்சி. என்ரை வீட்டு விஷயம் இல்லை."

"ஓம், ஓம், விளங்குது. ஆனா பேப்பரிலை உம்மடை பேர்தானே வரப்போகுது. தமிழ்ப்பேர். நாங்கள் இப்பதான் இஞ்சை கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கிறம். எங்களையும் ஒருகாலம் பயங்கரவாதி எண்டுதானே சொன்னவங்கள்? திரும்பவும் அந்தப் பட்டியலிலை சேர்த்துப்போடுவாங்கள்."

"எங்களைச் சொன்னபடியால்தானே அண்ணை நாங்கள் யோசிக்கவேணும்?"

"யோசிக்கிறதை வீட்டிலை வைச்சு யோசியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னார்.

அவர் சொன்ன அந்தக் காலம் எனக்கு நல்ல ஞாபகம். ஊரில், இலங்கையில், போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிய ட்ரெயினில் நகரத்துக்குப் போய்ப் பாராளுமன்றத்தின் முன்னால் நின்று கத்திவிட்டு வருவோம். கடந்துபோகிறவர்கள் எங்களைப் பார்க்காதமாதிரி நடப்பார்கள். அப்போது சில தமிழ்த் தாய்மார், காணாமல்போனவர்களின் படங்களை வைத்து ஒரு கூட்டம் நடத்த எங்கள் நூலக மண்டபத்தைக் கேட்டார்கள். பயங்கரவாதிகளுக்கு மண்டபம் கொடுக்கிறீர்களா என்று தொலைபேசி அழைப்புகள் வந்தன.

அன்றைக்கு எனக்கு மேலே இருந்தவர் ஒரு நோர்வேக்காரர். காதில் கருவி போட்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, அந்தத் தாய்மாரின் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை மேசையில் விரித்தார். "ஒரு சொல் விடாமல் மொழிபெயர்" என்றார். இரண்டு பக்கம். வரிவரியாகச் சொன்னேன். சில இடங்களில் நிறுத்தி, இதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு, "முழுவதையும் வாசித்த பிறகும் பயமாக இருந்தால், அந்தப் பயத்தை நான் மதிப்பேன். இப்போது எனக்குப் பயமில்லை" என்றார். மண்டபத்தைத் திறந்துவிட்டு, கூட்டம் முடியும்வரை கடைசி வரிசையில் இருந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் இரண்டு மணித்தியாலம் இருந்தார்.

ஆகவே, எப்படிச் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒருவர் எனக்குச் செய்துகாட்டியிருந்தார். அவர் திறந்துவிட்ட கதவுக்குள் போனவர்களில் என் சொந்தக்காரரும் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மீண்டும் கூட்டம். மேலாளர், இன்னும் இரண்டு பேர், நான். என்ன முடிவு என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "எங்களுடைய யூத வாசகர் ஒருவர் இந்த வீடியோவால் நித்திரை இல்லாமல் தவிக்கிறார். என்னிடமே வந்து சொன்னார்." எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

ரூத் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். முன்வரிசையில் ஓர் இடம் கேட்டதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அந்த வீடியோவை வெட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த அதே வேலையை, ஒரு நல்ல மனுஷியின் வார்த்தையை வைத்து, நானும் செய்தேன்.

என் இடத்துக்கு வந்து மின்னஞ்சலை எழுதினேன். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த நிகழ்ச்சி இரத்துச் செய்யப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். புரிந்துகொண்டமைக்கு நன்றி.' பொலிஸ் சொன்னதை எழுதிய துண்டு விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. 'எங்களுக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பொது அலுவலகம் அப்படி எழுதுவதில்லை. அதனால் கைக்கு வந்த சொல்லைப் போட்டேன்.

சனிக்கிழமை என் மகள் வந்திருந்தாள். பக்கத்தில், ரொம்மன் என்ற இடத்தில் இருக்கிறாள், தாதியாக வேலை செய்கிறாள். பத்திரிகையின் இணையப் பக்கத்தில் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"அம்மா, ஆர் வெருட்டினது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் வெருட்டேல்லை."

"அப்ப ஏன் சிக்கர்ஹெத் எண்டு போட்டிருக்கு?" பாதுகாப்பு என்பதற்கு நோர்வே மொழிச் சொல் அது. அவள் வேலைத்தலத்துச் சொற்களை அப்படித்தான் சொல்வாள்.

"அப்பிடித்தான் எழுதிறது, பிள்ளை."

"அப்பிடி எழுதினா, வாசிக்கிற ஆக்கள் அந்த மனுசியைத்தானே ஆபத்தான ஆள் எண்டு நினைப்பினம்? நீங்கள் அவான்ரை முழுப் பேச்சையும் பாத்தனீங்களே?"

"இன்னும் இல்லை."

தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பினாள்.

அவள் சொன்னதுபோலத்தான் நடந்தது. திங்கட்கிழமை, சிஹாம் அடுத்துப் பேசவிருந்த திராமன் நகரத்து மண்டபம், ஒஸ்லோவில் பாதுகாப்புப் பிரச்சினை இருந்ததால் நாங்களும் நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. புதன்கிழமை இன்னொரு நகரம். மிரட்டல் இருந்ததா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு நூலகம் பொய் சொல்லும் என்று யாரும் நினைப்பதில்லை.

இரத்தான நிகழ்ச்சி நடந்திருக்கவேண்டிய அதே வியாழக்கிழமை, காலை பதினொரு மணிபோல, ஒரு பெண் உள்ளே வந்தார். குட்டையான உருவம், நரைத்த தலைமயிர், ஈரமான சப்பாத்து. வெளியே பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் வந்ததும் நின்று, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, ஆங்கிலத்தில், "நான் சிஹாம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"சண்டை பிடிக்க வரவில்லை. பயப்படாதீர்கள்" என்றார். "ஒன்று மட்டும் கேட்கவேண்டும். என்ன மிரட்டல் வந்தது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றேன்.

"புரிகிறது. பெயர் கேட்கவில்லை. ஆணா, பெண்ணா? ஒருவரா, பலரா? நான் தெருவில் நடக்கும்போது யாரைக் கவனிக்கவேண்டும்?"

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நான் தங்கியிருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியுமா? அதையாவது சொல்லுங்கள். என் மகள் அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு மணித்தியாலமும் அழைக்கிறாள். அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும்."

"தெரியாது" என்றேன். அது பதிலா, இல்லையா என்றுகூட அவருக்கு விளங்கியிருக்காது.

"என் பேச்சைப் பார்த்தீர்களா? முழுவதையும்?"

"பார்த்தேன்" என்றேன்.

"பார்த்துவிட்டுமா?" என்றார். அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

அப்போது ரூத் எங்களிலிருந்து பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டியபடி, ஜன்னலோரம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். "ரூத், கொஞ்சம் வாருங்கள்" என்று நான் கூப்பிட்டிருக்கலாம். மூன்று கதிரையும் மூன்று கோப்பியும் போதும். கூப்பிட்டிருந்தால் நான் ரூத்தைப் பற்றிச் சொன்னது வெளியே வரும், பொலிஸ் சொன்னது வெளியே வரும். நான் கூப்பிடவில்லை. சிஹாம் தன் புத்தகத்தின் ஒரு பிரதியை மேசையில் வைத்தார். "உங்கள் நூலகத்துக்கு" என்றார். கதவடியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெளியே போனார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையைப் பூட்டிக்கொண்டு அந்த ஐம்பது நிமிட உரையைப் பார்த்தேன். வெட்டப்பட்ட துண்டு நடுவில் வருகிறது. தனக்கு இருபது வயதாக இருந்தபோது, ஊருக்குப் போயிருந்த தன் தம்பி ஓர் ஊர்வலத்தில் சுடப்பட்டு இறந்த செய்தி வந்த அன்று, அயலவரிடம் தான் சொன்ன வார்த்தைகள் என்று சொல்லித்தான் அதைச் சொல்கிறார். பிறகு சொல்கிறார்: "அந்த இருபது வயதுப் பெண்ணை எனக்குத் தெரியும். அவளை மன்னிக்க எனக்கு முப்பது வருடம் எடுத்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அழுங்கள். அழமுடியாவிட்டால், அழமுடியவில்லையே என்றாவது அழுங்கள்." மண்டபத்தில் சிலர் எழுந்து வெளியேறுவது தெரிகிறது. அவருடைய சொந்த ஆட்கள். அவர் தொடர்ந்து பேசுகிறார்.

ரூத் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அதில் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தாலும் ஏதோ ஒரு தவறு என்று ஆறியிருப்பேன். நான்கு மாதம் கழித்து சிஹாமிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய கல்லூரியில் அவர்மீது விசாரணை நடக்கிறது. அவர் இருக்கும் இடத்தில் மாணவருக்குப் பாதுகாப்பில்லை என்று புகார். அதற்குச் சான்றாக வைத்த தாள்களில் ஒன்று எங்கள் நூலகத்தின் அறிவிப்பு. 'மிரட்டல் வந்திருந்தாலும் அது எனக்கு எதிராகத்தான் வந்தது, என்னிடமிருந்து வரவில்லை என்று இரண்டு வரி எழுதித் தருவீர்களா?' என்று கேட்டிருந்தார். அப்போதும்கூட மிரட்டல் இருந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

நான் அதை மேலாளருக்கு அனுப்பினேன். முடிந்துபோன நிகழ்ச்சிகளைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே மொழிபெயர்த்து சிஹாமுக்கு அனுப்பினேன். கீழே என் பெயரையும் பதவியையும் போட்டேன். தனிப்பட்ட முறையில் எழுதியிருக்கலாம். என்னைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. வசந்தகாலத்தில் அவருக்கு வேலை போய்விட்டது என்று அந்தப் பெண்கள் அமைப்பு மூலம் அறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் ரூத்திடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவர் இங்கே வந்தாரா? நான் இருந்தபோது?"

"ஓம்."

"என்னைக் காட்டி அந்தக் கூட்டத்தை நிறுத்தினீர்களா?"

"ஓம்."

"என்னை யாரிடமிருந்து காப்பாற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் வரவில்லை. வேறொரு கிளை நூலகத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. முழுவதையும் பாருங்கள், ஐம்பது நிமிடமானாலும் பாருங்கள், முடிவெடுப்பதற்கு முதல் பாருங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னதை மேலே சொல்லும்போது பாதியில் நிறுத்தாதீர்கள். பயத்தால் நிறுத்தினால் பயத்தால் நிறுத்துகிறோம் என்று எழுதுங்கள். அப்படி எழுத வெட்கமாக இருந்தால், அந்த வெட்கம் உங்களைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும். பொதுவிவாதத்துக்குச் சுதந்திரமான இடமாக நூலகம் இருக்கவேண்டும் என்று இந்த நாட்டின் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டம் என் மேசை லாச்சியை இழுத்தால் கைக்கு வரும் இடத்தில்தான் இருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டால் நீங்கள் சரியாகச் செய்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எனக்கும் சொல்லித்தந்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற அடுத்த வாரம் சிஹாமுக்குக் கடிதம் எழுதினேன். மிரட்டல் எதுவும் வரவில்லை, பொலிஸ் அப்படியே சொன்னது, நான் உங்கள் பேச்சைப் பார்க்காமலே பார்த்தேன் என்றேன், வேண்டுமானால் இதை எங்கும் காட்டலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.

விசாரணை முடிந்து நெடுநாளாகிவிட்டது, மேன்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டது, இனி இந்தக் கடிதத்தால் பயன் இல்லை, ஆனாலும் எழுதியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். மகளுடன் வேறு நகரத்தில் இருக்கிறாராம். கூட்டங்களில் இப்போது பேசுவதில்லையாம். கடைசியில் இப்படி இருந்தது:

'நான் ஒஸ்லோவில் இருந்த ஏழு நாட்களும் அறையின் ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. உங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு காலையைத் தவிர வெளியே போகவில்லை. யாரோ கீழே நிற்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் இருக்கவில்லை என்று இப்போது சொல்கிறீர்கள்.'

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.